விருப்ப ஓய்வுக்கு நான் சொன்ன காரணம்

ஆண்டிபட்டிப் பக்கத்தில் ஒரு நூற்பாலை. அதன் சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். ஒவ்வொரு ஷிப்டிலும் இயந்திரங்களிலிருந்து நூலை எடுத்துவந்து, குறிப்பிட்ட நீளம் சுற்றி எடை போட்டு, இழுத்துப் பலம் பார்த்து, எந்த இயந்திரம் சரியாக ஓடவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கூடத்தில் நாங்கள் இரண்டு பெண்கள். நான் சேர்ந்து எட்டு வருடம் கழித்து அவள் வந்தாள். வருசநாடு போகிற வழியில் இருக்கும் கடமலைக்குண்டு அவள் ஊர். மில் வேனில் காலையில் வந்து இறங்கும்போதே "அக்கா, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவாள். என்னைவிட ஆறு வயது இளையவள். வீட்டுக்காரர் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு வண்டி ஓட்டுகிறவர். இரண்டு பெண் பிள்ளைகள். பதினோரு வருடம் ஒரே அறையில், ஒரே தராசில் வேலை பார்த்தோம். அவளுக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும்.

மில்லில் பழைய யூனிட்டை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு முதலில் கேண்டீனில்தான் கிளம்பியது. பிறகு நோட்டீஸ் ஒட்டினார்கள். விருப்ப ஓய்வுத் திட்டம். யாரையும் அனுப்பவில்லை, போக நினைக்கிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம், அப்படிப் போகிறவர்களுக்கு வழக்கமானதைவிடக் கூடுதலாகப் பணம் தருவோம் என்று போட்டிருந்தது.

அன்று சாயங்காலம் பர்சனல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். என் கணவர் தேனியில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் கடை வைத்திருக்கிறார். மேனேஜர் வீட்டு மோட்டார் எப்போது எரிந்தாலும் அங்கேதான் வரும். அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் மனசு விட்டுப் பேசுவார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒங்க செக்சன்ல ஒருத்தருக்குத்தான்மா இந்தத் திட்டம். மொதல்ல எழுதிக் குடுக்குறவுகளுக்கு. இன்னொருத்தர் இருப்பாக. ஆனா ரொம்ப நாளைக்கு இல்ல. ஆறு மாசமோ எட்டு மாசமோ. லேபையே எடுத்துட்டு டெஸ்டிங்க வெளிய குடுத்துருவாக. அப்பப் போறவுகளுக்குச் சட்டப்படி உள்ளது மட்டுந்தான். நான் சொன்னேன்னு வெளிய போகக் கூடாது."

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன், படுத்தேன். யோசித்தேன் என்று கூடச் சொல்ல முடியாது. அவர் பேசி முடிக்கும்போதே நான் முடிவு செய்துவிட்டிருந்தேன். நாற்பத்தாறு வயது. பஞ்சுத் தூசியில் மார்கழி வந்தால் எனக்கு இளைப்பு வரும். கடைசியில் நிற்கிற ஆளாக இருந்து, ஒரு நாள் கிட்டத்தட்ட வெறுங்கையோடு வெளியே அனுப்பப்படுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அது பயம்தான். அதற்கு வேறு பெயர் கொடுக்க இப்போது எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் மதியம் கேண்டீனில் அவளே ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் எழுதிக் குடுத்துரட்டுமா? ஊர்ல ஒரு தையல் மிசினு போட்டு ஒக்காந்துரலாம்னு இருக்கு. வீட்லயும் அதான் சொல்லுதாக."

நான் கையில் உருட்டிய சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

"நீ எதுக்குடி போற? ஒனக்கு இன்னும் வயசு கெடக்கு. பிள்ளைக ரெண்டும் படிக்குது. நம்ம செக்சன்ல ஒருத்தர் போனாப் போதும்னு சொல்லுதாக. நான் போறேன். நீ இரு."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்துவிட்டது. எச்சில் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக வேலைய விட்டுட்டுப் போறீகளாக்கா?"

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "சாப்புடுடி, சோறு ஆறுது" என்றேன். மூன்று மணிக்கு என் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசி நாள் அவள் எனக்கு ஒரு பட்டுச் சேலை வாங்கித் தந்தாள். சாயம் போகாத அரக்குக் கலர். அதை நான் இதுவரை உடுத்தியதில்லை.

வேலையை விட்டு ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு வீட்டில் பகல் நீளமாகிவிட்டது. மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான், கணவர் கடைக்குப் போய்விடுவார். சொந்தக்காரர்கள் வந்தால் "என்னத்தா, மில்லுல நிப்பாட்டிட்டாகளாமே?" என்று கேட்டார்கள். நிப்பாட்டவில்லை, நானே எழுதிக் கொடுத்தேன் என்று சொன்னால், பெரிய மனசோடு தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

வேலை தேட ஆரம்பித்தபோது அந்தக் கேள்வி வேறு உருவத்தில் வந்தது. தேனியில் மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு கம்பெனிக்குத் தரம் பார்க்க ஆள் கேட்டிருந்தார்கள். நேர்காணல் செய்த அதிகாரிக்கு என் மகனைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என் விண்ணப்பத்தைப் படித்தவர் "விருப்ப ஓய்வு" என்ற இடத்தில் பேனாவை வைத்தார்.

"விருப்பம்னா உங்க விருப்பமா, அவங்க விருப்பமா?"

"நானேதான் எழுதிக் குடுத்தேன் சார்."

"பத்தொன்பது வருசம் பார்த்த வேலைய நீங்களே எதுக்கு விடணும்? இப்ப எதுக்கு வேலை தேடணும்?"

உண்மையைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அந்த நொடியில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். 'கப்பல் மூழ்கப் போவது எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்தது, அதனால் இறங்கிவிட்டேன்.' அதை எந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல முடியும்? "உடம்புக்குக் கொஞ்சம் முடியல" என்றேன். "இப்ப சரியாப் போச்சு" என்று சேர்த்தேன். அவர் பேனாவை எடுத்துவிட்டார். கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. அடுத்து ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் "யூனிட்டை மூடிட்டாக" என்று சொன்னேன். அங்கே இருந்த பெண்ணின் அண்ணன் அதே மில்லில் புது யூனிட்டில் இருந்தான். "மில்லு ஓடிக்கிட்டுத்தான இருக்கு?" என்று கேட்டாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தேன்.

போடியில் ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் ஒரு வியாபாரிக்குத் தரம் பார்க்க ஆள் வேண்டும் என்று கணவர்தான் கேட்டுவந்தார். நேர்காணலுக்கு முந்தின நாள் காலையில் அடுப்படியில் நின்றுகொண்டு அவரே முதலாளி மாதிரி கேள்வி கேட்டார்.

"வேலைய ஏன் விட்டீக?"

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிராமலே சொன்னேன். "ரெண்டு பேர்ல ஒருத்தர் போகணும்னு ஆச்சு சார். கூட இருந்தவ சின்னப் பிள்ளைகள வச்சிருக்கா. அவ இருக்கட்டும்னு நான் எழுதிக் குடுத்துட்டேன்."

அவருக்கும் நான் அப்போது அப்படித்தான் சொல்லியிருந்தேன். "உள்ளத உள்ளபடி சொல்லுறதுக்கு என்ன? இதையே சொல்லு" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

அந்த முதலாளிக்கு அறுபது வயது இருக்கும். பல தலைமுறையாகக் கடைவீதியில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். சுவரில் வசனம் போட்ட காலண்டர். கீழே மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி, மாடியில் அலுவலகம். படி ஏறும்போதே ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறியது. அவர் வண்டன்மேட்டு ஏலக்காய்ச் சந்தையில் யாரிடமோ போனில் மலையாளத்தில் பேசிக்கொண்டே எனக்கு நாற்காலியைக் காட்டினார். பேசி முடித்ததும் ஒரு தட்டில் காயைக் கொட்டி என் பக்கம் தள்ளினார்.

"பாருங்க. என்ன தோணுது?"

நான் அதுவரை பாயசத்துக்குத் தட்டிப் போட்டதைத் தவிர ஏலக்காயைத் தொட்டதில்லை. கைநிறைய அள்ளினேன். உள்ளங்கையில் சில கனமாகவும் சில மொறுமொறுப்பாகவும் உட்கார்ந்தன. "இது ஒரே சாக்கு இல்லைங்க. ரெண்டு கலந்துருக்கு. ஒண்ணு நல்லாக் காஞ்சது. இன்னொண்ணுல ஈரம் இருக்கு" என்றேன். அவர் விண்ணப்பத்தை எடுத்தார். அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் அடுப்படியில் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. "எனக்காகப் போறீகளாக்கான்னு அழுதா சார்" என்று கடைசியில் ஒன்றைக் கூடுதலாகவும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு டீ வாங்கிவரச் சொன்னார். ஒன்றாம் தேதி வரச் சொன்னார்.

வேலை பிடித்துப்போனது. சல்லடையில் அளவு பிரிப்பது, ஈரம் பார்ப்பது, நிறம் பார்ப்பது எல்லாம் சீக்கிரம் கைக்கு வந்தன. ஆனால் ஒன்று நான் எதிர்பாராதது. முதலாளி என் கதையை மறக்கவில்லை. வெளியூர் வியாபாரிகள் வந்தால் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். "இவுக யாருன்னு தெரியுமா? கூட வேலை பாத்த பிள்ளைக்காகத் தன் வேலைய விட்டுட்டு வந்தவுக." அவர்கள் கும்பிடுவார்கள். ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். நான் "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்பேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கீழே இறங்கி வந்து, காய் பொறுக்கும் பெண்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம் அவள் போன் செய்தாள்.

"அக்கா, லேப மூடிட்டாக. நாளையில இருந்து வர வேணாம்னு சொல்லிட்டாக."

"அடக் கடவுளே" என்றேன். நான் நினைத்ததைவிட இயல்பாக வந்துவிட்டது.

"ஒங்களுக்கு ஏதும் தெரியுமாக்கா? மேனேஜர் ஒங்ககிட்ட நல்லாப் பேசுவாகளே."

"எனக்கு எப்படிடி தெரியும்? நான்தான் அங்கன இல்லையே."

பிறகு அவள் அழாமல், வேலை சம்பந்தமான சந்தேகம் கேட்கிற குரலிலேயே கேட்டாள். "வேற எடத்துல கேட்டா என்னன்னுக்கா சொல்லணும்? ஒங்களுக்குத்தான் போயிப் பழக்கம்."

நான் சொல்லிக் கொடுத்தேன். "செக்சன மூடிட்டாகன்னு சொல்லு. அது அவுக எடுத்த முடிவு, ஒன் வேலைல கொறை இல்லன்னு சொல்லு. மில்லப் பத்திக் கொறையாப் பேசாத. லெட்டர் இருந்தா எடுத்துட்டுப் போ." அவளுக்கு உண்மையே போதுமானதாக இருந்தது. ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டு அன்று நான் ஈரம் பார்த்த மூன்று மூட்டைகளின் அளவையும் தப்பாக எழுதினேன். மறுநாள் அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

கார்த்திகையில் காய் வரத்து மலைபோல் குவிந்தது. எனக்கு உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று முதலாளியே சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டென்று முகம் மலர்ந்தார்.

"நீங்க வேலைய விட்டுக்குடுத்தீகளே, அந்தப் பிள்ளை இன்னும் மில்லுலதான் இருக்கா?"

மூடிவிட்டார்கள் என்றேன்.

"அப்ப அந்தப் பிள்ளையவே வரச் சொல்லுங்க. இதுக்குமேல என்ன வேணும்?"

மறுக்க எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. அவளுக்கு வேலை வேண்டும். நான் தடுத்தால் அது இரண்டாவது முறை.

அவள் வந்த அன்று நானும் அந்த அறையில் உட்கார வேண்டியிருந்தது. மெலிந்திருந்தாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே, செக்சனை மூடியதைச் சொன்னாள், கடிதத்தை நீட்டினாள். முதலாளி அதைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை.

"நீங்க வேலைல இருக்கணும்னுதான் இவுக விருப்ப ஓய்வு வாங்குனாகன்னு சொன்னாக."

அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஆமா சார். யாரு செய்வா அப்படி? எங்க கூடப் பெறந்தவுககூடச் செய்ய மாட்டாக. பிள்ளைககிட்ட இன்னும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

என் முன்னால் இருந்த தட்டில் ஏலக்காய்களை எண்ணுவதுபோல் நகர்த்திக்கொண்டிருந்தேன். முதலாளி அவளைத் திங்கட்கிழமை வந்துவிடச் சொன்னார்.

அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். போடி பஸ் ஸ்டாண்டில் தேனி வண்டி இன்னும் வரவில்லை. அவள் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு, திங்கட்கிழமை எந்த வண்டிக்கு வரலாம், மதியச் சாப்பாட்டுக்கு எங்கே உட்காருவது என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவள் குரலில் பழைய சந்தோஷம் வந்திருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"லேப மூடப் போறாகன்னு எனக்குத் தெரியும்" என்றேன். "எழுதிக் குடுக்கறதுக்கு முந்துன நாளே தெரியும். மேனேஜர் சொன்னாக. ஒருத்தருக்குத்தான் எடம்னு சொன்னாக. அதான் ஒன்னைய இருக்கச் சொன்னேன்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் காது மடல் சிவந்தது. நான் கடைசியாக அதைப் பார்த்தது ஒரு சூப்பர்வைசர் அவளை வாய்க்கு வந்தபடி திட்டியபோது.

"கேண்டீன்ல நான் ஒங்க கையப் புடிச்சு அழுதேன்ல? அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் போன் போட்டுக் கேட்டனே, அப்ப?"

"தெரியும்."

மன்னிச்சிரு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். தேனி வண்டி உள்ளே வந்தது. ஏறி, நான் நிற்கும் பக்கம் இல்லாத ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்தாள். பஸ் நகரும்வரை நான் நின்றேன். அவள் திரும்பவே இல்லை.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. செவ்வாயும் வரவில்லை. "என்னம்மா, ஒங்க தங்கச்சியக் காணோம்?" என்று முதலாளி கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லத்தான் நாக்கு முதலில் எழுந்தது. சொல்லவில்லை. கதவருகே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். கீழே மூட்டை தைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் ஒங்கள வேலைக்கு எடுத்தது அதுக்காக இல்ல" என்றார். "காய அள்ளிப் பாத்துட்டு ரெண்டு சாக்குன்னு சொன்னீகளே, அப்பவே எடுத்தாச்சு. பெறகுதான் கேட்டேன். பயந்து விட்டுட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட எடுத்துருப்பேன். எவன் பயப்படல?"

நான் தலை குனிந்திருந்தேன்.

"ஆனா நம்பிட்டேன்மா. பத்துப் பேருக்கு முன்னால சொல்லிட்டேன்." சொல்லிவிட்டுச் சுவர்க் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தப் பிள்ளைகிட்ட நானே பேசுறேன். நீங்க கீழ போங்க."

வேலையை விட்டு அனுப்புவார் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். அனுப்பவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்தால் என்னைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். கணவரிடமும் சொன்னேன். கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர், "என்னையவும்தான் ஏமாத்திருக்க" என்று மட்டும் சொன்னார்.

அவள் மறுவாரம் வந்தாள். முதலாளி என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. எனக்கு எதிர் மேஜை. முதல் நாள் சல்லடையை எப்படி ஆட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். கவனமாகப் பார்த்தாள். "சரிங்க மேடம்" என்றாள்.

பதினோரு வருடம் என்னை அக்கா என்று கூப்பிட்டவள். இரண்டு நாளில் மாறிவிடும் என்று நினைத்தேன். மாறவில்லை. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டதைச் செய்வாள், தப்பு இருந்தால் எனக்கு முன்னால் அவளே எடுத்துச் சொல்வாள், மதியம் காய் பொறுக்கும் பெண்களோடு போய் உட்கார்ந்து சாப்பிடுவாள். அங்கிருந்து அவள் சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்கும்.

போன மாதம் வெளிநாட்டுக்குச் சரக்கு வாங்குகிறவர்கள் ஒரு சான்றிதழுக்காகத் தரம் பார்க்கிற எல்லோருடைய விவரத்தையும் கேட்டார்கள். படிவத்தில் முந்தைய வேலையை விட்டதற்கான காரணம் என்று ஒரு கட்டம். இருவருக்கும் ஒரே மாதிரிப் படிவம். அவள் தயங்காமல் "பிரிவு மூடப்பட்டது" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள்.

நான் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "பிரிவு மூடப்படும் என்று முன்பே தெரிந்ததால் விருப்ப ஓய்வு பெற்றேன்" என்று எழுதினேன். கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்தில் கொஞ்சம் வழிந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து மேலே கொண்டுபோய்க் கொடுக்க அவள்தான் எடுத்துப் போனாள். படிக்கட்டில் ஒரு நொடி நின்று அதைப் பார்ப்பதைப் பார்த்தேன். பிறகு ஏறிப் போய்விட்டாள். திரும்பி வந்து, "மேடம், காலைல வந்த நாலு சாக்கு இன்னும் ஈரம் பாக்கல" என்றாள். நான் எழுந்து போனேன்.